ஆஸ்திரேலிய நிரந்தர வதிவுரிமையும் குடியுரிமையும்

ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஒருவரின் நிலையைச் சொல்லும் ஆவணங்கள் மூன்று: விசா, பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்றிதழ். மூன்றும் வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டவை. விசா 1958ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழும், குடியுரிமை 2007ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியக் குடியுரிமைச் சட்டத்தின் கீழும், பாஸ்போர்ட் 2005ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் சட்டத்தின் கீழும் வழங்கப்படுகின்றன. முதலிரண்டும் உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. பாஸ்போர்ட்டை வழங்குவது வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அலுவலகம். இந்த அலுவலகங்களில் ஒன்றுக்குத் தெரிவித்த செய்தி மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று எண்ணிக்கொள்வதுதான் குடியேறியவர்களின் தொல்லைகளில் பாதிக்குக் காரணம்.

பேச்சுவழக்கில் ‘பி.ஆர்.’ எனப்படும் நிரந்தர வதிவுரிமை ஒரு விசா மட்டுமே. அதைப் பெற்றவர் தன் பழைய நாட்டின் குடிமகனாகவே இருக்கிறார். அந்த நாட்டின் பாஸ்போர்ட்டில்தான் பயணம் செய்கிறார். ஆஸ்திரேலியாவில் காலவரையின்றி வசிக்கலாம், எந்த வேலையும் பார்க்கலாம், மெடிகேர் என்னும் பொது மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், உறவினரை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வாக்குரிமை கிடையாது. பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அரசு தரும் ஹெக்ஸ் கடன் பெரும்பாலும் குடிமக்களுக்கே உரியது. வேலையில்லாதோர் உதவித்தொகை போன்ற சிலவற்றுக்குப் புதியவர் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நிரந்தர விசாவுக்கான வழிகள்

எத்தனை பேருக்கு நிரந்தர விசா தருவது என்பதை அரசு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் முன்கூட்டியே வகுக்கிறது. 2024-25க்கு வகுத்த எண்ணிக்கை 1,85,000. அதில் 1,32,200 இடங்கள் திறனாளர்களுக்கும் 52,500 இடங்கள் குடும்பத்தினருக்கும் ஒதுக்கப்பட்டன. அகதிகளுக்கான இடங்கள் இக்கணக்கில் சேராதவை. ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால் விண்ணப்பக் கட்டணங்களும் அன்றே உயர்கின்றன. ஜூன் மாதக் கடைசியில் விண்ணப்பங்கள் குவிவதற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு விசா வகைக்கும் ஓர் எண் உண்டு. விண்ணப்பதாரர்கள் பெயரைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்வார்கள். ‘189’ எவருடைய பரிந்துரையும் தேவைப்படாத திறனாளர் விசா. ‘190’க்கு ஒரு மாநில அரசின் பரிந்துரை வேண்டும், பரிந்துரைத்த மாநிலம், வந்தவர் முதல் இரண்டு ஆண்டுகளைத் தன் எல்லைக்குள் கழிப்பார் என்று எதிர்பார்க்கும். ‘491’ ஐந்தாண்டுத் தற்காலிக விசா. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களுக்கு வெளியே வசித்து வேலை பார்க்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மூன்று ஆண்டுகள் கழிந்தபின் ‘191’ என்னும் நிரந்தர விசாவுக்கு மாறலாம். வேலை கொடுக்கும் நிறுவனமே பரிந்துரைப்பது ‘186’. ‘482’ என்னும் தற்காலிகப் பணி விசாவில் வந்து, அதே நிறுவனம் வழியாக 186க்குப் போவோர் மிகப் பலர்.

189, 190, 491 மூன்றும் புள்ளி முறையில் அமைந்தவை. விண்ணப்பிக்க அழைப்பு வரும்போது 45 வயது நிறைந்திருக்கக் கூடாது. குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். வயது 25க்கும் 32க்கும் இடையில் இருந்தால் 30 புள்ளிகள், இளங்கலைப் பட்டத்துக்கு 15, முனைவர் பட்டத்துக்கு 20, மிக உயர்ந்த ஆங்கிலத் தேர்ச்சிக்கு 20. மாநிலப் பரிந்துரைக்கு 5, 491க்கான பரிந்துரைக்கு 15. திருமணமாகாதவருக்கும், தேர்ந்த தொழிலும் ஆங்கிலமும் உடைய துணைவரைக் கொண்டவருக்கும் 10. நாட்டி என்னும் மொழிபெயர்ப்பு அமைப்பு நடத்தும் சமூக மொழித் தேர்வில் வென்றால் 5 புள்ளிகள் கிடைக்கும். அம்மொழிகளில் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தில் பேசும் மருத்துவர், தமிழில் பேசும் நோயாளி என்பது போன்ற உரையாடலை ஒலிப்பதிவில் கேட்டு, இரு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்வதே தேர்வு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தும் ‘வாடகை முன்பணம்’, ‘காப்பீட்டுத் தொகை’ போன்ற சொற்கள் நாவுக்கு வராமல் இதில் தோற்றவர்கள் உண்டு.

65 என்பது வாசற்படி மட்டுமே. புள்ளிகளைக் குறித்து ஸ்கில்செலக்ட் என்னும் இணையப் பதிவேட்டில் விருப்பம் தெரிவித்தபின், மேலிருந்து கீழாகத்தான் அழைப்பு வரும். மென்பொருள், கணக்கியல் போன்ற நெரிசல் மிகுந்த தொழில்களில் 65 புள்ளிகளுடன் காத்திருப்பவருக்கு அழைப்பு வராமலே வயது ஏறிப் புள்ளி குறைந்துவிடக்கூடும். செவிலியருக்கும் ஆசிரியருக்கும் கதை வேறு. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கு முன்பே தொழில்திறன் மதிப்பீடு கையில் இருக்க வேண்டும்: கணினித் துறையினருக்கு ஆஸ்திரேலியக் கணினிச் சங்கமும், பொறியாளர்களுக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியாவும், வேறு பல தொழில்களுக்கு வெட்டாசெஸ் அமைப்பும் மதிப்பிடுகின்றன. இந்தியாவில் பெற்ற அனுபவம் முழுவதும் கணக்கில் வரும் என்று நம்பியிருப்பவருக்கு முதல் ஏமாற்றம் இங்கேதான். மதிப்பிடும் அமைப்பு தொடக்க ஆண்டுகள் சிலவற்றைத் ‘தகுதி பெறுவதற்கான காலம்’ என்று கழித்துவிட்டு எஞ்சியதையே அனுபவமாக ஏற்பதுண்டு.

குடும்ப வழியில் முதன்மையானது துணைவர் விசா. உள்நாட்டிலிருந்து விண்ணப்பித்தால் 820, 801. வெளிநாட்டிலிருந்து என்றால் 309, 100. இரண்டும் இரு படிகள் கொண்டவை. ஒரே விண்ணப்பத்தில் முதலில் தற்காலிக விசாவும், விண்ணப்பித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து உறவு நீடிப்பதை மீண்டும் சரிபார்த்தபின் நிரந்தர விசாவும் தரப்படும். 2024-25இல் இதன் கட்டணம் 9,095 டாலர். திருமணச் சான்றிதழ் மட்டும் போதாது. சேர்ந்து வாழ்வதற்கான சான்றுகளாகக் கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, உறவினருடன் எடுத்த படங்கள் என்று கேட்பார்கள். பெரியவர்கள் பேசி முடித்த திருமணத்தில், கல்யாணத்துக்கு முன் இருவரும் பேசிப் பழகியதற்கு என்ன சான்று என்ற கேள்வி தமிழ்க் குடும்பங்களைத் திகைக்க வைக்கும். நிச்சயதார்த்தப் படங்களும் தொலைபேசி அழைப்புப் பட்டியலும் அப்போதுதான் பயன்படுகின்றன.

பெற்றோரை அழைப்பது கடினம். பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிலையாக வசிக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. கட்டணம் குறைந்த 103 விசாவுக்கு இன்று விண்ணப்பித்தால் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். அறுபது வயதுப் பெற்றோருக்கு இதை ஒரு வழி என்று சொல்வதே பொருத்தமில்லை. 143 என்னும் பங்களிப்பு விசாவுக்கு இரண்டாம் தவணை மட்டும் ஆளுக்கு 43,600 டாலர். அதிலும் வரிசை ஆண்டுக்கணக்கில் நீளமானது.

அகதிகளின் வழி இலங்கைத் தமிழரோடு நேரடித் தொடர்புடையது. படகில் வந்து தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் (785), அல்லது பாதுகாப்பான புகலிட விசாவில் (790) ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் சுமார் 19,000 பேர் நிரந்தரமாகத் தங்க 2023 பிப்ரவரி 14இல் அரசு வழி திறந்தது. அவர்களுக்கான விசாவின் எண் 851. புகலிடக் கோரிக்கை இறுதியாக மறுக்கப்பட்டவர்கள் இதில் சேரவில்லை. குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா ஊரிலிருந்து 2018 மார்ச்சில் பிடித்துச் செல்லப்பட்டு, கிறிஸ்துமஸ் தீவிலும் அடைத்து வைக்கப்பட்ட இலங்கைத் தமிழ்க் குடும்பம் 2022 ஆகஸ்ட்டில் நிரந்தர விசா பெற்றது. அது அமைச்சர் தனி அதிகாரத்தால் தந்தது. அக்குடும்பத்தின் இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்தவர்கள். 1986 ஆகஸ்ட் 20 முதல் அங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருந்தால்தான் பிறப்பிலேயே குடியுரிமை. இல்லையென்றால் பத்து வயது நிறையும்வரை அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும். பிறந்த மண் மட்டும் அச்சிறுமிகளுக்கு உதவவில்லை.

எந்த வழியானாலும் மருத்துவப் பரிசோதனையும் காவல்துறைச் சான்றும் பொது. பத்தாண்டுகளில் மொத்தம் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று கேட்கப்படும். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு வருபவர் இதற்கே சில மாதங்கள் ஒதுக்க வேண்டும். பொய்யான ஆவணமோ தகவலோ கொடுத்தது தெரிந்தால் மூன்று ஆண்டுகளும், அடையாளத்தையே மாற்றிச் சொன்னால் பத்து ஆண்டுகளும் விசா மறுக்கப்படலாம். ஆஸ்திரேலியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல, பதிவு பெற்ற முகவருக்கோ வழக்கறிஞருக்கோ மட்டுமே உரிமை உண்டு. பதிவு எண்ணை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். மறுக்கப்பட்ட முடிவுகள் பலவற்றை எதிர்த்து நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 அக்டோபர் 14 முதல் பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் இது செயல்படுகிறது.

‘கிராண்ட்’ கடிதமும் ஐந்தாண்டுக் கணக்கும்

விசா கிடைத்த செய்தி மின்னஞ்சலில் வரும். ‘கிராண்ட் வந்துவிட்டது’ என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு அக்கடிதத்தை மூடி வைப்பது வழக்கம். அதில் இரண்டு தேதிகளைப் படித்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்கு, எந்த நாளுக்குள் முதன்முறை ஆஸ்திரேலியாவில் கால் வைக்க வேண்டும் என்பது ஒன்று. நிரந்தர விசாவின் பயண அனுமதி எந்த நாளில் முடிகிறது என்பது மற்றொன்று. வழக்கமாக அது விசா கிடைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள்.

விசாவின் பெயரில் உள்ள ‘நிரந்தரம்’ உள்ளே தங்குவதை மட்டுமே குறிக்கிறது. ஐந்தாண்டு முடிந்தபின்னும் நாட்டுக்குள் இருப்பவர் நிரந்தர வதிவாளரே. எவரும் வெளியேற்ற மாட்டார்கள். ஆனால் வெளியே போனால் அதே விசாவில் திரும்ப முடியாது. அதற்கு மீள்வருகை விசா வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் மொத்தம் இரண்டு ஆண்டுகளாவது ஆஸ்திரேலியாவில் இருந்தவருக்கு 155 என்னும் எண்ணில் மேலும் ஐந்து ஆண்டுப் பயண அனுமதி கிடைக்கும். இரண்டு ஆண்டுக் கணக்கு நிறையாதவர், வேலை, தொழில், குடும்பம் போன்ற கணிசமான பிணைப்பு ஆஸ்திரேலியாவோடு இருப்பதைக் காட்டினால் ஓராண்டு வரை பெறலாம். அதுவும் இயலாதவருக்கு 157 உண்டு. தகுந்த காரணம் காட்டினால் மூன்று மாத அனுமதி. விசா வாங்கி, ஒரு முறை வந்து முத்திரை போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பிள்ளையின் பள்ளி முடியட்டும், வீடு விற்கட்டும் என்று நான்கு ஆண்டுகளைக் கடத்துபவர்கள்தான் இங்கே சிக்குகிறார்கள்.

பாஸ்போர்ட் மாறும்போது

2015 செப்டம்பர் முதல் ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதில்லை. விசா உள்துறை அமைச்சகத்தின் கணினியில் மட்டுமே இருக்கிறது. விண்ணப்பித்தபோது கொடுத்த பாஸ்போர்ட் எண்ணோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. யாருக்கு என்ன உரிமை என்பதை வீவோ என்னும் இணையப் பக்கத்தில் வேலை கொடுப்பவரும் வங்கியும் பார்த்துக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதியது வாங்கினால் எண் மாறிவிடும். புதிய எண்ணைத் தெரிவிக்கும் பொறுப்பு விசா வைத்திருப்பவருடையது. இணையத்தில் இம்மிஅக்கவுன்ட் வழியாகத் தெரிவிப்பதே எளிது. அது முடியாதவர்களுக்கு 929 என்ற படிவம் உண்டு. கட்டணம் இல்லை. இந்தியத் தூதரகத்திடமிருந்து புதிய பாஸ்போர்ட் வாங்கியதால் ஆஸ்திரேலிய அரசுக்குத் தெரிந்துவிடாது.

தெரிவிக்காவிட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் ஊரிலிருந்து திரும்பும் இரவில்தான் அது வெளிப்படும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டாயிற்று. கவுன்ட்டரில் இருப்பவர் புதிய பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைக்கிறார். விமான நிறுவனத்தின் கணினி ஆஸ்திரேலிய எல்லைத் துறையின் கணினியிடம் ‘இந்த எண்ணுக்கு விசா உண்டா?’ என்று கேட்கிறது. ‘இல்லை’ என்று பதில் வருகிறது. கிராண்ட் கடிதத்தை நீட்டினாலும், பழைய பாஸ்போர்ட்டைக் காட்டினாலும் கணினியின் பதில் மாறாது. விமான நிறுவனத்தார் எல்லைத் துறையைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு எண்களையும் சேர்த்துவைத்தால் தப்பலாம். வரிசை நீளமாகவும் நேரம் குறைவாகவும் இருந்தால் விமானம் போய்விடும். பயணத்துக்கு முன் வீவோவில் புதிய எண்ணைப் போட்டுப் பார்த்தால் இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பெயர்ச் சிக்கல் இன்னும் ஆழமானது. ஆஸ்திரேலியப் படிவம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயரையும் இட்ட பெயரையும் தனித்தனியே கேட்கிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்பது வழக்கில் இல்லை. ராமசாமியின் மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொண்டால், பள்ளிச் சான்றிதழில் அவர் ‘ஆர். செந்தில்குமார்’, பாஸ்போர்ட்டில் இட்ட பெயர் செந்தில்குமார், குடும்பப் பெயர் ராமசாமி. மெல்பர்னில் மருத்துவமனையில் ‘மிஸ்டர் ராமசாமி’ என்று அழைக்கும்போது ஊரில் இருக்கும் தகப்பனாரைத்தான் அவருக்கு நினைவு வரும். மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் செந்தில்குமார், குழந்தைக்கும் அதுவே. ஒரே வீட்டில் கணவருக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கும் பிள்ளைக்கும் வேறொன்று. குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக உள்ள இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தவருக்கு விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகப் பதிவாகிவிடும். இட்ட பெயர்க் கட்டம் வெறுமையாக நிற்கும். ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாம் இந்த வடிவிலேயே தொடரும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இதுவரை வழங்கிய எல்லாப் பெயர்களையும் எழுதி, அவை ஒரே ஆளுடையவை என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியிருப்பதால், பெயரைச் சீர்செய்ய நினைப்பவர் அதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது.

குடியுரிமைக்கான தகுதி

ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்று 1949 ஜனவரி 26 அன்றுதான் பிறந்தது. அதுவரை அங்கிருந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். அவ்வாண்டு பிப்ரவரி 3 அன்று கான்பெராவின் ஆல்பர்ட் மண்டபத்தில் ஏழு பேருக்கு முதல் குடியுரிமை விழா நடந்தது. ஆசியருக்கு அப்போது கதவு மூடியிருந்தது. 1901இல் தொடங்கிய வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் எச்சங்களை 1973இல் விட்லம் அரசு அகற்றிய பிறகே, 2021 கணக்கெடுப்பின்படி அங்கு வீட்டில் தமிழ் பேசிய ஏறத்தாழ 95 ஆயிரம் பேருக்கான வழி முழுமையாகத் திறந்தது.

பெரும்பாலோர் விண்ணப்பிப்பது வழங்கல் வழிக் குடியுரிமைக்கு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் செல்லுபடியாகும் விசாவில் ஆஸ்திரேலியாவில் வசித்திருக்க வேண்டும். அதில் கடைசிப் பன்னிரண்டு மாதங்கள் நிரந்தர வதிவாளராக இருந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் வெளிநாட்டில் கழித்த நாட்கள் மொத்தம் பன்னிரண்டு மாதங்களையும், கடைசி ஓராண்டில் 90 நாட்களையும் தாண்டக் கூடாது. ஒருவர் 2026 மார்ச் 1 அன்று விண்ணப்பிக்கிறார் என்றால், 2022 மார்ச் 1 முதல் ஏதோ ஒரு விசாவில் இருந்திருக்க வேண்டும். 2025 மார்ச் 1க்குள் பி.ஆர். கிடைத்திருக்க வேண்டும். மாணவராகவும் தற்காலிக ஊழியராகவும் கழித்த ஆண்டுகள் கணக்கில் சேரும். இது பலருக்குத் தெரிவதில்லை, பி.ஆர். கிடைத்த பின் நான்கு ஆண்டுகள் என்று எண்ணிக்கொண்டு வீணாகக் காத்திருப்பார்கள். மறுபக்கம், தகப்பனாரின் உடல்நலக் குறைவுக்காக ஊரில் நூறு நாட்கள் தங்கியவர் 90 நாள் விதியில் விழுந்து, கணக்கு நேராகும்வரை காத்திருக்க நேரும். நியூசிலாந்துக்காரர்களுக்கு மட்டும் 2023 ஜூலை முதல் தனிச் சலுகை உண்டு: 444 என்ற சிறப்பு விசாவில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தால் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தோடு அடையாள உறுதிமொழிப் படிவம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விண்ணப்பதாரரைக் குறைந்தது ஓராண்டாக அறிந்த, பட்டியலிட்ட தொழில் ஒன்றில் உள்ள ஆஸ்திரேலியக் குடிமகன் அதில் ஒப்பமிட்டு, புகைப்படத்தின் பின்புறத்திலும் கையெழுத்திடுவார். பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரின் விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம். பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றோ இல்லாமல் வந்த அகதிகளுக்கு இக்கட்டம்தான் கடினம். அடையாளம் ஐயமற நிறுவப்படாமல் குடியுரிமை வழங்கச் சட்டம் இடம் தரவில்லை. பழைய நாட்டின் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்த முடியாத அகதிக்கு ஆஸ்திரேலியாவே பயண ஆவணம் ஒன்று வழங்கும். அதைக் கொண்டு தப்பி வந்த நாட்டுக்குப் போக முடியாது.

18 முதல் 59 வயது வரையுள்ளவர்கள் தேர்வெழுத வேண்டும். 2007 அக்டோபரில் தொடங்கிய இத்தேர்வில் 20 கேள்விகள், 45 நிமிடம், 75 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. 2020 நவம்பர் முதல் ஆஸ்திரேலிய விழுமியங்கள் பற்றி ஐந்து கேள்விகள் சேர்க்கப்பட்டன. அவை ஐந்துக்கும் சரியான விடை தந்தே ஆக வேண்டும். மற்ற பதினைந்தும் சரியாக இருந்து இதில் ஒன்று தவறினாலும் தோல்வியே. அரசு வெளியிடும் பாடநூல் தமிழிலும் கிடைக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்.

உறுதிமொழி

ஒப்புதல் கடிதம் வந்தவுடன் ஒருவர் குடிமகன் ஆகிவிடுவதில்லை. பதினாறு வயது நிறைந்தவர்கள் விழாவில் உறுதிமொழி எடுத்த நொடியில்தான் ஆகிறார்கள். கடவுளைச் சாட்சியாக்கும் வாசகம் ஒன்று, அச்சொல் இல்லாதது ஒன்று, எதையும் தேர்ந்துகொள்ளலாம். விழாவை உள்ளூராட்சி மன்றம் நடத்தும். மேயர் சான்றிதழ் தருவார். பல ஊர்களில் உள்நாட்டுச் செடி ஒன்றும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஜனவரி 26, செப்டம்பர் 17 ஆகிய நாட்களில் பெரிய விழாக்கள் நடக்கும். ஒப்புதல் கிடைத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் உறுதிமொழி எடுக்காவிட்டால் ஒப்புதல் ரத்தாகலாம்.

பயணத் திட்டங்கள் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். ஒப்புதலுக்கும் விழாவுக்கும் இடையில் வெளிநாடு போகிறவர் இன்னும் நிரந்தர வதிவாளரே. அவருடைய ஐந்தாண்டுப் பயண அனுமதி முடிந்திருந்தால் மீள்வருகை விசா எடுத்துக்கொண்டே போக வேண்டும். விழா முடிந்தவுடன் நிரந்தர விசா தானாக மறைந்துவிடும். ஆஸ்திரேலியக் குடிமக்கள் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில்தான் நாட்டுக்குள் வர வேண்டும். எனவே விழாவுக்கு மறுநாள் ஊருக்கு டிக்கெட் போட்டவருக்குப் பழைய விசாவும் இல்லை, புதிய பாஸ்போர்ட்டும் இல்லை.

முதல் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலிய அஞ்சலகத்தில் நேரில் விண்ணப்பிக்க வேண்டும். குடியுரிமைச் சான்றிதழின் மூலப்பிரதி, புகைப்படங்கள், உத்தரவாதம் அளிப்பவரின் கையெழுத்து ஆகியவை தேவை. உத்தரவாதம் அளிப்பவர் உறவினராகவோ அதே முகவரியில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. குறைந்தது ஆறு வாரங்கள் ஒதுக்குமாறு பாஸ்போர்ட் அலுவலகமே சொல்கிறது. கூடுதல் கட்டணத்துக்கு விரைவுச் சேவை உண்டு. பத்தாண்டுப் பாஸ்போர்ட்டின் கட்டணம் 2025 தொடக்கத்தில் 412 டாலர். உலகிலேயே விலை உயர்ந்த பாஸ்போர்ட்டுகளில் இது ஒன்று. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு ஐந்தாண்டுப் பாஸ்போர்ட் தரப்படும். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும்.

பழைய நாட்டோடு உள்ள கணக்கு

2002 ஏப்ரல் 4 முதல் ஆஸ்திரேலியா தன் குடிமக்கள் வேறொரு குடியுரிமையும் வைத்திருப்பதைத் தடுப்பதில்லை. ஆனால் ஒருவரின் மற்ற நாடு என்ன சொல்கிறது என்பதை அந்நாடே தீர்மானிக்கும். இந்தியச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற நாளிலேயே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை அதன்பின் பயணத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். அதை ஒப்படைத்துச் சரண் சான்றிதழ் பெற வேண்டும். பின்னர் ஓ.சி.ஐ. அட்டை வாங்கினால் விசா இல்லாமல் வாழ்நாள் முழுதும் இந்தியாவுக்குப் போய்வரலாம். ஓ.சி.ஐ. குடியுரிமை ஆகாது: வாக்கில்லை, அரசுப் பதவியில்லை, விளைநிலம் வாங்க முடியாது. பூர்விக நஞ்சை பங்காக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வயலை விலைக்கு வாங்க முடியாது. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், முன்பு சொன்ன பெயர்ச் சிக்கல் இங்கே மீண்டும் தலைதூக்கும்.

இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஆனால் தானாக அல்ல. விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க அல்லது மீளப் பெற வேண்டும். மலேசியாவும் சிங்கப்பூரும் அனுமதிப்பதில்லை.

ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 44ஆம் பிரிவு இரட்டைக் குடியுரிமை உள்ளவரை நாடாளுமன்றத்தில் அமர விடாது. 2017 அக்டோபர் 27 அன்று உயர் நீதிமன்றம் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் உட்பட ஐந்து பேரின் தேர்தலைச் செல்லாததாக்கியது. தந்தை வழியில் தாம் நியூசிலாந்துக் குடிமகனும்கூட என்பது ஜாய்ஸுக்கே தெரிந்திருக்கவில்லை.

பி.ஆர். நிலையிலேயே வாழ்நாளைக் கழிப்பதற்குத் தடையில்லை. ஆனால் அந்த நிலை உடையக்கூடியது. பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் விசாவை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. சிறு வயதில் வந்து முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் இதன்படி நாடுகடத்தப்பட்டிருக்கிறார்கள். வழங்கல் வழியில் குடியுரிமை பெற்றவரிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவது, விண்ணப்பத்தில் மோசடி செய்தது போன்ற குறுகிய காரணங்களுக்கு மட்டுமே இயலும். குடிமகன் ஆனவரின் முதல் கடமை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது. கூட்டாட்சித் தேர்தலில் தகுந்த காரணமின்றி வாக்களிக்கத் தவறினால் அபராதம் 20 டாலர்.